கபடியில் ஏ.சி.எல். கிழிந்தால்: உடனே அறுவையா, முதலில் பயிற்சியா, கட்டா?

ரெய்டர் போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறார். பாதம் மேட் மீது ஊன்றி நின்றுவிட, உடம்பு மட்டும் திரும்புகிறது. இல்லையென்றால் ஒருவர் கணுக்காலைப் பிடித்திருக்கும்போது இன்னொருவர் பக்கவாட்டில் வந்து மோதுகிறார். முட்டிக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம். சில மணி நேரத்தில் முட்டி வீங்கிப்போகும். எம்.ஆர்.ஐ. எடுத்தால், ‘ஏ.சி.எல். (முட்டியின் நடு ஜவ்வு) முழுக் கிழிசல்’ என்று அறிக்கை வரும். அன்று இரவே வீட்டில் நாலு யோசனை கிளம்பிவிடும். மருத்துவர் அறுவைக்குத் தேதி குறிக்கச் சொல்லியிருப்பார். மாமா புத்தூர் கட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்பார். “ரெண்டு மாசம் ஜிம்முக்குப் போ தம்பி, சரியாயிடும்” என்பார் கோச். “நீ கேப் (முட்டி உறை) போட்டுக்கிட்டு நானே ஆடுறேன்டா” என்பான் அணியில் இருக்கும் நண்பன்.

இந்த நாலு வழிகளையும் ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானோர் மூன்று மாதம் முறையான பயிற்சி எடுத்துவிட்டு, அதன் பிறகு அறுவையைப் பற்றி முடிவெடுப்பதே நல்லது. கபடியையே வாழ்க்கையாக நம்பி இறங்கியிருக்கும் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும் சீக்கிரம் அறுவை செய்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்த வழியில் போனாலும் தொடைத் தசைக்கு அடுத்த ஒன்பது மாதம் என்ன செய்கிறோம் என்பதுதான் ஆட்டத்தைத் திருப்பித் தரும். நகையை அடகு வைத்து அறுவைக்குப் பணம் புரட்டும் வீடுகள், அந்த ஒன்பது மாதத்துக்கென்று ஒரு ரூபாய்கூட எடுத்து வைப்பதில்லை. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

முதல் சில வாரங்கள்: எல்லா வழிக்கும் பொது

ஏ.சி.எல். என்பது முட்டிக்கு நடுவில் குறுக்காக ஓடும் ஜவ்வு. கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும் உள்பக்கம் திருகாமலும் பிடித்து வைப்பது அதன் வேலை. நேராக நடக்கவும் சைக்கிள் மிதிக்கவும் மெதுவாக ஓடவும் அது பெரிதாகத் தேவைப்படாது. வீக்கம் வடிந்ததும் ‘சரியாகிவிட்டது’ என்று தோன்றுவதற்குக் காரணம் அதுவே. ஓட்டத்தில் சட்டென்று திசை மாற்றும்போதுதான் அது இல்லாத குறை தெரியும்.

உண்மையிலேயே அவசரமான நிலைகள் சிலதான். மெனிஸ்கஸ் என்ற குஷன் ஜவ்வு கிழிந்து மடங்கிச் சிக்கிக்கொண்டால் முட்டி பூட்டியதுபோல் நீட்ட வராது. அதைத் தள்ளிப்போடக் கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட ஜவ்வுகள் அறுந்திருந்தாலும், எலும்பு பெயர்ந்திருந்தாலும் அப்படியே. பாதம் சில்லிட்டுப்போனாலோ மரத்துப்போனாலோ அதே நாளில் பெரிய மருத்துவமனைக்குப் போயாக வேண்டும்.

மற்ற எல்லோருக்கும் யோசிக்க நேரம் இருக்கிறது. சூடாக, வீங்கி, விறைத்துப்போயிருக்கும் முட்டியில் கத்தி வைத்தால் பிறகு அது விறைத்தே நின்றுவிடும் ஆபத்து உண்டு. அதனால் அறுவை செய்வதென்று முடிவெடுத்தவர்களும்கூட முதலில் வீக்கத்தை வடிய வைக்க வேண்டும். மற்ற காலைப்போல முட்டியை முழுவதுமாக நீட்ட வைக்க வேண்டும். முன்தொடைத் தசையை மீண்டும் இறுக்கப் பழக வேண்டும். இந்த மூன்றும் நடக்காமல் தேதி மட்டும் குறிக்கப்பட்டிருந்தால், “டாக்டர், முட்டி முழுசா நீட்ட வந்தப்புறம் செஞ்சுக்கலாமா?” என்று கேட்பதில் தப்பே இல்லை.

சீக்கிரம் அறுவை

அறுந்த ஜவ்வைத் தைத்து ஒட்டவைப்பது பொதுவான முறை இல்லை. உடம்பிலேயே வேறோர் இடத்திலிருந்து ஒரு நாணை (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற பகுதி) எடுத்து, எலும்பில் துளை போட்டு, ஏ.சி.எல். இருந்த இடத்தில் பொருத்துகிறார்கள். இதன் பெரிய பலன், திசை மாற்றும்போது முட்டி நழுவுவது நிற்கும். ஒவ்வொரு முறை நழுவும்போதும் மெனிஸ்கஸும் எலும்பு முனையின் மெல்லிய பூச்சும் அடிபடுகின்றன. கபடி ஆடிக்கொண்டே இருக்கப்போகிறவருக்கு இந்தப் பாதுகாப்பு சின்ன விஷயம் இல்லை.

கபடிக்கு நெருங்கிய உறவான மல்யுத்தத்தில் வினேஷ் போகாட்டைப் பாருங்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் முட்டி போனது. அறுவை செய்து திரும்பி வந்து 2018 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார். 2023 ஆகஸ்டில் மறுபடியும் முட்டியில் அறுவை. அடுத்த ஆண்டு பாரிஸில் இறுதிப் போட்டிவரை முன்னேறினார். எடை காரணமாக அங்கே மோத முடியாமல் போனது வேறு கதை. அறுவைக்குப் பிறகு உச்சத்துக்குத் திரும்ப முடியும் என்பதற்கு அவரே சாட்சி.

ஆனால் எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களைத் திரட்டி 2014-ல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பின்படி, அறுவை செய்துகொண்டவர்களில் 81 விழுக்காட்டினர் ஏதாவது ஒரு விளையாட்டுக்குத் திரும்பினார்கள். பழைய நிலைக்குத் திரும்பியவர்கள் 65 விழுக்காடு. போட்டி விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 55 விழுக்காடுதான். “ஆபரேஷன் பண்ணிட்டா பழையபடி ஆடலாம்” என்ற பேச்சை நம்பி மட்டும் கையெழுத்துப் போடுகிறவர்கள் இந்தக் கடைசி எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவர்கள், சேர்வதற்கு முன்பே அந்த மருத்துவமனையின் காப்பீட்டு உதவி மேசையில் கேளுங்கள். இந்த அறுவை திட்டத்தில் வருகிறதா, உள்ளே வைக்கும் திருகுக்கும் பட்டனுக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டுமா, பிசியோதெரபியும் சேர்த்தியா என்று மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தேதி வாங்குங்கள்.

முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் அறுவை

இந்த வழிக்கு நம் ஊரில் மதிப்புக் குறைவு. காசில்லாதவர்கள் செய்வது என்றே பலர் நினைக்கிறார்கள். ஆனால் நான்கு வழிகளில் மிகக் கவனமாகச் சோதிக்கப்பட்ட வழிகளில் இதுவும் ஒன்று. ஸ்வீடனில் 18 முதல் 35 வயதுக்குட்பட்ட, சுறுசுறுப்பாக விளையாடிக்கொண்டிருந்த 121 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சீக்கிரம் அறுவை, பிறகு பயிற்சி. மறு பாதிக்குப் பயிற்சி மட்டும். முட்டி நழுவித் தொல்லை கொடுத்தால் பிறகு அறுவை. 2010-ல் முடிவு வந்தபோது, இரண்டு ஆண்டு கழித்து வலி, அன்றாட வேலை, விளையாட்டு எதிலும் இரு குழுவுக்கும் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. பயிற்சிக் குழுவில் அதற்குள் அறுவை தேவைப்பட்டவர்கள் 39 விழுக்காடு. ஐந்து ஆண்டுகளில் 51 விழுக்காடு. அதாவது ஏறக்குறைய பாதிப் பேர் கத்தியே இல்லாமல் சமாளித்துவிட்டார்கள்.

2021-ல் நெதர்லாந்தில் 167 பேரிடம் நடந்த இதேபோன்ற ஆய்வில், முட்டியின் நிலையைக் காட்டும் மதிப்பெண் சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அந்தக் கூடுதல் அன்றாட வாழ்க்கையில் உணரும்படியானதா என்பது உறுதியாகவில்லை. அங்கும் பயிற்சிக் குழுவில் பாதிப் பேர் பின்னால் அறுவைக்குப் போனார்கள்.

இவற்றை மட்டும் படித்துவிட்டு ‘அறுவையே வேண்டாம்’ என்று சொல்வது அநியாயம். ஸ்வீடன் ஆய்வில் தொழில்முறை வீரர்களைச் சேர்க்கவில்லை. 2022-ல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது. கிழிந்து நாளாகியும் முட்டி நழுவிக்கொண்டே இருந்த 316 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் அறுவைக்கு ஒதுக்கப்பட்டவர்களே 18 மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பாதை தெளிவாகிறது: புதிதாகக் கிழிந்த முட்டிக்குப் பயிற்சியால் ஒரு வாய்ப்புக் கொடுங்கள், மாதக்கணக்கில் நழுவிக்கொண்டே இருக்கும் முட்டியை ‘ஜிம்முக்குப் போ’ என்று இழுத்தடிக்காதீர்கள்.

அமெரிக்காவின் டெஜுவான் பிளேர் இரண்டு முட்டியிலும் ஏ.சி.எல். இல்லாமலேயே என்.பி.ஏ. கூடைப்பந்து ஆடினார். 2022-ல் மிலான் அணி இத்தாலிய லீக்கை வென்ற பிறகு, கடைசி ஆறு மாதமும் இடது முட்டியில் ஏ.சி.எல். இல்லாமலேயே ஆடியதாக ஸ்லாட்டான் இப்ராஹிமோவிச் சொன்னார். வீங்கிய முட்டியோடு எப்படி அவதிப்பட்டார் என்பதையும் சேர்த்தே சொன்னார். சீசன் முடிந்ததும் அறுவையும் செய்துகொண்டார். ஜவ்வு இல்லாமல் சமாளிக்கக்கூடிய உடம்புகள் இருக்கின்றன. உங்கள் உடம்பு அந்த வகையா என்பதை எந்த ஸ்கேனும் சொல்லாது. மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்து பார்ப்பதே அதை அறியும் வழி. பிறகு அறுவை செய்துகொண்டாலும் அந்த உழைப்பு வீணாகாது. பலமான தொடையோடு மேசையில் படுப்பவர், எழுந்த பிறகும் முன்னால் இருப்பார்.

பயிற்சி என்றால் காலைத் தொங்கவிட்டு ஆட்டுவதும் கரண்ட் வைப்பதும் இல்லை. எடை ஏற வேண்டும். ஒற்றைக்காலில் உட்கார்ந்து எழுவது, படியேறி மெதுவாக இறங்குவது, மணல் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு குந்துவது, பின்தொடைக்காக மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் ‘பாலம்’, கெண்டைக்கால் எழுப்புதல் என வாரத்துக்கு வாரம் சுமை கூட வேண்டும். பிறகு குதித்து இறங்கப் பழகி, அதன் பின் நேர் ஓட்டம், கடைசியாகத் திசை மாற்றம். ஊரில் ஜிம் இல்லாவிட்டாலும் ஒரு நல்ல பிசியோதெரபிஸ்டை மாதம் இரண்டு முறை பார்த்துத் திட்டத்தை மாற்றிக்கொண்டே வந்தால் பெரும்பகுதியை வீட்டிலேயே செய்துவிடலாம்.

இந்த மூன்று மாதத்தில் கபடிக் களத்தில் கால் வைக்கக் கூடாது. அதற்குள் முட்டி ஒன்றுக்கு மேற்பட்ட முறை நழுவினால் சோதனை முடிந்துவிட்டது. அறுவை மருத்துவரைப் பாருங்கள்.

கட்டும் ஊசியும்

கட்டுப் போடும் வைத்தியர்கள் கை எலும்பு முறிவுகளைப் பார்த்து அனுபவப்பட்டவர்கள். அவர்கள்மேல் கிராமம் வைத்திருக்கும் நம்பிக்கை சும்மா வந்ததில்லை. ஆனால் ஏ.சி.எல். முட்டிக்குள் இருக்கும் நீரில் கிடக்கிறது. அறுந்த முனைகளுக்கு இடையே கட்டும் ரத்தக்கட்டி அந்த நீரில் கரைந்துவிடுவதால் அது எளிதில் கூடுவதில்லை. காலை நீட்டி வைத்து வாரக்கணக்கில் இறுக்கிக் கட்டினால் தொடை சூம்பும், முட்டி விறைக்கும். பிறகு அந்த விறைப்பை எடுக்கவே மாதங்கள் போகும்.

‘கட்டினால் கூடவே கூடாதா?’ என்ற கேள்விக்கு அண்மைக் காலத்தில் வேறொரு பதில் வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஒரு குழு, கிழிந்த சில வாரங்களுக்குள் முட்டியை 90 டிகிரியில் மடக்கி பிரேஸில் நான்கு வாரம் பூட்டி வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, 12 வாரத்தில் கழற்றியது. 2023-ல் வெளியான அந்த ஆய்வில் 80 பேரில் 72 பேருக்கு மூன்றாவது மாத ஸ்கேனில் ஜவ்வு கூடியதற்கான அடையாளம் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழு இல்லாத ஆய்வு அது; கூடிய ஜவ்வு பிறகு மறுபடி கிழிந்தவர்களும் அதில் உண்டு. மடக்கி வைத்த காலில் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்து, மருத்துவர் கண்காணிப்பில் செய்த சிகிச்சை அது. அதைப் பார்த்துவிட்டு வீட்டில் முட்டியை மடக்கிக் கட்டிக்கொள்வது உயிருக்கே ஆபத்து. என் கணக்கில் இது இன்னும் சோதனைக் கட்டத்தில் இருக்கும் வழிதான்.

நீ கேப்பும் வலி ஊசியும் ஒரு வழியே அல்ல. துணி உறை திருகலைத் தடுக்காது. ஊசி, முட்டி விடும் எச்சரிக்கையை மட்டும் அணைக்கிறது. “ஒரே ஒரு ரெய்டு பாடிட்டு வந்துடு தம்பி” என்று ஊசி போட்டு இறக்கும் கோச், அந்தப் பிள்ளையின் மெனிஸ்கஸை ஒரு கோப்பைக்கு விலையாகக் கொடுக்கிறார்.

அறுவைதான் என்று முடிவானால்: எந்த நாண்?

இதை மருத்துவர் முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறோம். கபடி ஆட்டக்காரர் வாய்விட்டுக் கேட்க வேண்டிய இடம் இது.

பின்தொடையிலிருந்து எடுக்கும் நாண் பரவலான தேர்வு. தழும்பு சின்னது, முட்டிக்கு முன்னால் வலி குறைவு. ஆனால் முட்டியை மடக்கும் பலம் குறையும். பிடிபட்ட ரெய்டர் காலை இழுத்துக்கொண்டு நடுக்கோட்டை நோக்கி எகிறுவது அந்தப் பலத்தில்தான். முட்டிச்சிப்பிக்குக் கீழே இருந்து எலும்புத் துண்டோடு எடுக்கும் நாண் உறுதியாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் மண்டியிடும்போது வலி நெடுநாள் நிற்கக்கூடும். முழங்கால் போட்டு ஆங்கிள் (கணுக்கால்) பிடிக்கும் கார்னர் ஆட்டக்காரருக்கும், தரையில் மண்டியிட்டுத் தொழுகிறவருக்கும் அது தினசரித் தொல்லை. முன்தொடை நாண் மூன்றாவது வழி. அதில் கை தேர்ந்த மருத்துவர் கிடைத்தால் நல்ல தேர்வு. பிறரிடமிருந்து தானமாகப் பெறும் நாண், இளம் ஆட்டக்காரர்களுக்கு அதிகமாக அறுவதால் தவிர்ப்பது நல்லது. என்னைக் கேட்டால் ரெய்டருக்கு முட்டிச்சிப்பி நாண் அல்லது முன்தொடை நாண், கார்னருக்குப் பின்தொடை நாண் என்றே பேச்சைத் தொடங்குவேன்.

பின்தொடை நாண் என்று முடிவானால் இன்னொரு கேள்வியும் கேளுங்கள். முட்டியின் வெளிப்பக்கத்தில் கூடுதலாக ஒரு பட்டையை இறுக்கித் தைக்கும் முறை உண்டு. மறுகிழிசல் ஆபத்து அதிகமுள்ள, 25 வயதுக்குட்பட்ட 618 பேரிடம் செய்து 2020-ல் வெளிவந்த ஆய்வில், அந்தப் பட்டை இல்லாதவர்களில் 11 விழுக்காட்டினருக்கும் இருந்தவர்களில் 4 விழுக்காட்டினருக்கும் புது நாண் அறுந்தது. “எனக்கு அது தேவையா டாக்டர்?” என்ற ஒற்றைக் கேள்விக்கு இவ்வளவு எடை இருக்கிறது.

எப்போது களத்தில் இறங்கலாம்?

பொருத்திய நாண், நட்ட நாற்றைப் போல முதலில் வாடிப் பிறகுதான் வேர்பிடிக்கும். அறுவை முடிந்து இரண்டு, மூன்று மாதத்தில் வலி போய்விடும், நடை திரும்பிவிடும். ஆனால் உள்ளே அந்த நாண் மிகவும் பலவீனமாக இருக்கும் காலமும் அதுதான். முழுதாக முதிர ஓராண்டுக்கு மேல் ஆகும்.

நார்வேயில் 106 பேரைத் தொடர்ந்து கவனித்து 2016-ல் வெளியிட்ட ஆய்வு சொல்வது: ஒன்பதாம் மாதம் வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் முட்டியில் மறுகாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 25 வயதுக்குட்பட்டு மறுபடி விளையாட வந்தவர்களில் 23 விழுக்காட்டினருக்கு அதே முட்டியிலோ மற்ற முட்டியிலோ ஏ.சி.எல். மீண்டும் கிழிந்திருக்கிறது என்கிறது இன்னோர் ஆய்வுத் தொகுப்பு. நாலில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம்.

நம் கணக்கில் சொன்னால், பொங்கல் போட்டியில் கிழிந்து மாசியில் அறுவை செய்தவர் ஆடியில் திருவிழாக் கபடிக்கு இறங்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் சோதனைகளில் தேறி, அணியோடு பழகி, அடுத்த தைக்கு இறங்குவதே சரி. மாதம் மட்டும் போதாது. தொடை பலத்தை அளக்கும் கருவியில் காயப்பட்ட கால் மற்றதில் 90 விழுக்காடாவது காட்ட வேண்டும். ஒற்றைக்காலில் தாவும் தூரத்தை டேப் வைத்து அளந்தாலும் அப்படியே. தாவலை மட்டும் நம்பாதீர்கள். தொடை பலவீனமாக இருந்தும் இடுப்பாலும் கணுக்காலாலும் தாவிச் சமாளிக்க முடியும். தொடைப் பலத்தைக் கருவியில் ஒருமுறையாவது அளந்துவிடுங்கள். சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா விளையாட்டு அறிவியல் மையம் போன்ற இடங்களில் அதற்கு வசதி உண்டு.

பொறுமையாக இரு என்று சொல்வது எளிது. அரசு வேலையில் 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டைக் குறிவைத்து ஆடும் பிள்ளைக்கு, மாநிலப் போட்டிச் சான்றிதழ் ஒன்று தவறினால் வயது போய்விடும் என்ற பயம் இருக்கிறது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் ஆறாம் மாதத்தில் இறங்கி மறுபடி கிழிந்தால் இழப்பது ஒரு சீசன் இல்லை, இரண்டு.

யாருக்கு எது?

பதினெட்டு வயது ரெய்டர், மாவட்ட அணியில் இருக்கிறார், மேலே போகும் திறமை இருக்கிறது, மெனிஸ்கஸும் கொஞ்சம் கிழிந்திருக்கிறது என்றால், ஆறு வாரம் முட்டியைத் தயார்படுத்தி அறுவை செய்துகொள்ளலாம். பிசியோவுக்குப் பணமும் நாளும் ஒதுக்க முடியாத சூழ்நிலை என்றால், அதற்கு வழி செய்யும்வரை அறுவையைத் தள்ளிப்போட்டு வீட்டுப் பயிற்சியைத் தொடரட்டும். கொஞ்ச மாதம் ஆடாமல் இருந்தால் போதும்.

கொத்தனார் வேலைக்கும் டெலிவரிக்கும் போய்க்கொண்டு, வருஷத்துக்கு நாலு ஊர்ப் போட்டி ஆடும் இருபத்தெட்டு வயதுக்காரருக்கு என் பதில் தெளிவானது: முதலில் பயிற்சி. அறுவை என்றால் சுமை தூக்கும் வேலைக்கு மாதக்கணக்கில் போக முடியாது; அந்தக் கூலி இழப்பை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சாரத்தில் ஏறும்போதே முட்டி நழுவுகிறதென்றால் அது வேறு. அப்போது அறுவை, வேலைக்காகவே தேவை.

பெண் ஆட்டக்காரர்களுக்கு ஒரே விளையாட்டில் ஆண்களைவிட ஏ.சி.எல். கிழியும் வாய்ப்பு அதிகம். பயிற்சிக்கு ஜிம்மில் இடம் கிடைப்பதோ குறைவு. வீட்டு வேலை முழுக்கச் செய்துகொண்டு “நடக்கத்தான் செய்யுறாளே” என்று விடப்படும் பிள்ளைக்கு எந்த வழியும் பலிக்காது. அவளுக்கென்று நாளில் ஒரு மணி நேரத்தை வீடு விட்டுக்கொடுக்கிறதா என்று பார்த்துவிட்டே அறுவையா பயிற்சியா என்று பேச வேண்டும்.

இன்னொரு முட்டியும் இருக்கிறது. குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயாமல் பழகுவது, ஒற்றைக்கால் சமநிலை, திசை மாற்றப் பயிற்சி எல்லாம் சேர்ந்த இருபது நிமிட வார்ம்-அப்பைத் தொடர்ந்து செய்த அணிகளில் ஏ.சி.எல். கிழிசல் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது. கருவி எதுவும் வேண்டாம். ஒருவர் மண்டியிட, மற்றவர் பின்னாலிருந்து கணுக்காலை அழுத்திப் பிடிக்க, மெதுவாக முன்னால் சாயும் பின்தொடைப் பயிற்சியை எந்த மண் களத்திலும் செய்யலாம். காயப்பட்டவர் திரும்பி வரும் நாளில் அவரோடு மொத்த அணியும் இதைச் செய்ய வேண்டும், வாரத்துக்கு இரண்டு முறையாவது.